முள்ளும் மணியும்: திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டி வட்டாரத்தை முன்வைத்துக் கடிகாரத் தொழிலின் சொல்வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

கடிகாரத் தொழிலின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர், நிறுவனம், பொறி ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அத்தொழில் ஒரு மொழிக்குள் எவ்வாறு குடிபுகுந்தது என்பது தனித்துக் காணத்தக்கது. நீர்க்கடிகைக்கு உரிய சொற்களைத் தமிழ் இலக்கியமும் உரைமரபும் காத்துத் தந்துள்ளன. இயந்திரக் கடிகாரத்துக்கு உரிய சொற்களோ பயன்படுத்துவோர் நாவிலும் பழுதுபார்ப்போர் மேசையிலுமே பிறந்து வழங்குகின்றன. சென்னை நேரத்தின் பரவல், திருவள்ளூர் இருப்புப்பாதை, ஓசூர்க் கடிகார ஆலை, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் முறைவேலை ஆகியவற்றின் வழியே அச்சொற்களின் பொருள்மாற்றத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நாழிகை, விநாடி, மணி, முள், சாவி, சங்கு, சென்னை நேரம், ஓசூர், பழுதுபார்ப்பு

முன்னுரை

சுவிட்சர்லாந்தும் பிரான்சும் இணைந்து முன்மொழிந்த இயந்திரக் கடிகாரக் கைவினையை யுனெஸ்கோ 2020ஆம் ஆண்டில் மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்பே, 2009இல், லா ஷோ த ஃபோன், ல லோக்ல் என்னும் இரு சுவிஸ் கடிகார நகரங்கள் உலக மரபிடங்களாக ஏற்கப்பட்டிருந்தன. ஒரு தொழில் பண்பாடு என ஏற்கப்படும்போது பொறியோடு சேர்த்து அதைக் கையாளும் கைப்பழக்கமும், அப்பழக்கம் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்லும் முறையும், அத்தொழிலோர் தமக்குள் பேசும் பேச்சும் மதிப்புப் பெறுகின்றன. இறுதியாகச் சொன்ன பேச்சுதான் மொழித்துறைக்கு உரிய பகுதி.

தமிழகத்தில் கடிகாரத் தொழில் என்றவுடன் ஓசூர் நினைவுக்கு வரும். திருவள்ளூரோ கும்மிடிப்பூண்டியோ அவ்வகையில் பெயர்பெற்ற ஊர்கள் அல்ல. உருக்கு, வேதிப்பொருள், வாகன உதிரிப்பாகம் ஆகியவையே இவ்வட்டாரத் தொழிற்பேட்டைகளின் அடையாளம். ஆயினும் கடிகாரத்தைச் செய்யும் இடத்தைக் காட்டிலும் கடிகாரத்தால் வாழ்வு வகுக்கப்படும் இடத்தில்தான் சொற்கள் மிகுதியாக உருமாறுகின்றன. தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை திருவள்ளூர் வழியாகச் சென்றது. கும்மிடிப்பூண்டியில் இன்றும் ஆயிரக்கணக்கானோர் மூன்று முறைவேலைகளாகப் பகுக்கப்பட்ட நாளில் வாழ்கின்றனர். இவ்வட்டாரத்தை முன்வைத்தற்குக் காரணம் இதுவே. இங்கு ஆராயப்படும் சொற்கள் இவ்வட்டாரத்துக்கு மட்டும் உரியவை அல்ல. பெரும்பாலானவை தமிழகம் முழுதும் வழங்குவன.

நாழிகை வட்டிலும் விநாடியின் சுருக்கமும்

அரசனுக்குப் பொழுதளந்து சொல்லும் நாழிகைக் கணக்கரை முல்லைப்பாட்டுப் பாசறையில் காட்டுகிறது. சிலப்பதிகாரமும் மணிமேகலையும் அத்தகையோரை நகரத்தில் காட்டுகின்றன. அவர்தம் கருவிக்குக் குறுநீர்க் கன்னல் என்பது பெயர். கன்னல் என்றால் கரும்பு என்று மட்டும் அறிந்துவரும் முதலாண்டு மாணவர்களுக்கு இவ்விடம் எப்போதும் ஒரு சிறு திகைப்பைத் தரும். பிற்காலத்தில் பரவலாக அறியப்பட்ட நாழிகை வட்டில், அடியில் நுண்துளையிட்ட ஒரு கிண்ணம். நீரின்மேல் மிதக்கவிடப்பட்ட அது நிறைந்து மூழ்கும் நேரம் ஒரு நாழிகை. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை இன்றைய கணக்கில் 24 நிமிடம். ஏழரை நாழிகை கொண்டது ஒரு யாமம்.

இந்த அளவுமுறையிலிருந்து இயந்திரக் கடிகாரத்தின் அளவுமுறைக்குத் தமிழ் மாறியபோது பழைய சொற்கள் வழக்கிழந்து போகவில்லை. பெயர் நின்றது, பொருள் இடம்பெயர்ந்தது. நாழிகையின் அறுபதில் ஒரு கூறு விநாடி. அதாவது 24 நொடி. அதே சொல் இன்று மணியின் 3,600இல் ஒரு கூறைக் குறிக்கிறது. விநாடி இருபத்துநான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. நிமிடத்தின் கதை இதற்கு நேர்மாறானது. வடமொழியில் கண்ணிமைப்பைக் குறித்த நிமிஷம் தமிழில் நிமிடமாகி, இன்று அறுபது விநாடிகளைக் கொள்ளும் அளவுக்கு விரிந்துவிட்டது. இமைப்பொழுதும் விரல் நொடிப்பும் பழைய கணக்கில் அண்டை வீட்டுக்காரர்கள். புதிய கணக்கில் நொடி கீழேயே நிற்க, நிமிடம் மட்டும் மாடியேறிவிட்டது.

இது வெறும் சொல்லாராய்ச்சி இன்பம் அன்று. பதிப்பாசிரியர்க்கு நேரடியான பயனுடையது. பழைய பஞ்சாங்கக் குறிப்பிலோ பிறப்புக் குறிப்பிலோ உதயாதி நாழிகை 12, விநாடி 30 என்று இருப்பதாகக் கொள்வோம். பன்னிரண்டரை நாழிகை என்பது சூரிய உதயத்துக்குப்பின் சரியாக 5 மணி நேரம். விநாடியை இன்றைய பொருளில் கொண்டால் விடை 4 மணி 48 நிமிடம் 30 விநாடி ஆகிவிடும். பதினொன்றரை நிமிடம் பிழைபடும். சாதகக் குறிப்புகளைக் கொண்டு ஆசிரியர் காலத்தைக் கணிக்க முயலும் ஆய்வேடுகளில் இந்த இடத்தை இருமுறை பார்த்தல் நன்று.

மணி: ஓசை, பொழுது, கல்

ஓரை என்னும் சொல் கிரேக்கத்தில் தோன்றி வடமொழி வழியே தமிழுக்கு வந்து, ஒரு மணி நேர அளவைக் குறிக்க முன்பே இருந்தது. நாட்காட்டித் தாளில் குரு ஓரை, சுக்கிர ஓரை என இன்றும் அது உயிர்வாழ்கிறது. ஆனால் இயந்திரக் கடிகாரத்தின் பொழுதைச் சொல்ல மக்கள் அதனை எடுக்கவில்லை. காதில் விழுந்ததை எடுத்தனர். கோட்டையிலும் தேவாலயத்திலும் காவல் நிலையத்திலும் பொழுதுக்குப் பொழுது அடிக்கப்பட்ட மணியின் ஓசையே பொழுதின் பெயராயிற்று. ஐந்து மணி என்பது ஐந்து முறை அடித்த மணி. பின்னர் அடித்தல் நின்றபோதும் எண்ணிக்கை நின்றுவிட்டது. ஒலியே எழுப்பாத கைக்கடிகாரத்தைப் பார்த்து மணி என்ன என்று கேட்கிறோம்.

மணியிலிருந்து கிளைத்த கூட்டுச்சொற்கள் தமிழ் நிலத்தின் வட்டார வேறுபாட்டை நன்கு காட்டுவன. நகரின் நடுவே கோபுரம்போல் எழுப்பிய கடிகாரம் சென்னையிலும் பிற தமிழக நகரங்களிலும் மணிக்கூண்டு, நாகர்கோவிலில் மணிமேடை, யாழ்ப்பாணத்தில் மணிக்கூட்டுக் கோபுரம். ஈழத்தில் கையில் கட்டுவதும் மணிக்கூடுதான். அண்டையிலுள்ள சிங்களம் டச்சு மொழியிலிருந்து ஒரலோசுவ என்னும் சொல்லைப் பெற்றிருக்க, அதே தீவின் தமிழ் மணியையே பற்றிக்கொண்டது நோக்கத்தக்கது. தமிழகமோ கடிகையின் வழிவந்த கடிகாரத்தை ஏற்றது. பேச்சில் கடியாரம், கெடியாரம் என்று அது ஒலிக்கும். தெலுங்கின் கடியாரமும் கன்னடத்தின் கடியாரவும் இதன் உறவினர். கும்மிடிப்பூண்டி போன்ற எல்லை வட்டாரத்தில் தமிழரும் தெலுங்கரும் ஒருவர் சொல்லை மற்றவர் விளங்கிக்கொள்ள இச்சொல்லுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படுவதில்லை.

மணிக்கு மற்றொரு பொருளும் உண்டு. உராய்வால் அச்சு தேயாதிருக்க, நுண்துளையிட்ட மாணிக்கக் கல்லில் அச்சுமுனையைத் தாங்கச் செய்யும் உத்தி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் காப்புரிமை பெற்றது. கடிகார முகப்பில் 17 ஜுவல்ஸ் என்று அச்சிடப்படுவது இக்கற்களின் எண்ணிக்கை. 20ஆம் நூற்றாண்டில் செயற்கை மாணிக்கம் இவ்விடத்தைப் பிடித்தது. ஓசை எழுப்பும் மணி, பொழுதாகிய மணி, கல்லாகிய மணி ஆகிய மூன்றும் ஒரே பொறிக்குள் சந்திப்பது தமிழில் சொல்லக்கூடிய ஒன்று. சொல்லாக்கக் குழுக்கள் இதனை ஏன் பயன்கொள்ளவில்லை என்பது வியப்பு.

சென்னை நேரமும் திருவள்ளூர் வண்டியும்

1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த சென்னை வான்நோக்ககத்தில் வான்நோக்குக் கருவிகளைத் தாங்கிய கருங்கல் தூண் ஒன்று இன்றும் நிற்கிறது. அதன் பொறிப்புகளுள் தமிழும் உண்டு. அங்கிருந்த ஜான் ஷெல்டன் என்னும் இலண்டன் கைவினைஞரின் ஊசற்கடிகாரம் பின்னர்க் கொடைக்கானல் வான்நோக்ககத்துக்குச் சென்றது. கேப்டன் குக்கின் கடற்பயணங்களில் சென்ற கடிகாரங்களைச் செய்தவரும் இவரே. வான்நோக்ககத்தின் நெட்டாங்குக் கணிப்பை அடிப்படையாகக் கொண்டு பிறந்தது சென்னை நேரம். கிரீன்விச்சுக்கு ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முந்தியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய இருப்புப்பாதைகளின் பொது நேரமாக அது ஆளப்பட்டது.

1856 ஜூலை முதல் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணியர் வண்டி ஓடியது. அன்றே மற்றொரு வண்டி திருவள்ளூர் வரை இயக்கப்பட்டது. இதன் பொருளைக் கடிகாரத்தின் பக்கமிருந்து பார்க்கலாம். திருவள்ளூர் சென்னைக்கு மேற்கே இருப்பதால் அங்கு உச்சிப்பொழுது ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் தாமதித்து வரும். நிழலளந்து பொழுதறிந்த காலத்தில் இரண்டு ஊருக்கும் இரண்டு உச்சி, எவருக்கும் இடையூறில்லை. வண்டி ஓடத் தொடங்கிய பின் ஓர் ஊரின் நேரம் மற்றோர் ஊரின் சுவரில் தொங்க வேண்டியதாயிற்று. ஊர்ப்பொழுது வேறு, ரயில் நேரம் வேறு என்ற பிரிவு இங்கே தோன்றுகிறது. பொழுது, வேளை, நேரம் என்னும் மூன்று சொற்களுள் நேரம் கடிகாரத்தின் பக்கம் சாய்ந்தது. பொழுது சூரியனோடு தங்கியது. வேளை சோற்றோடும் பூசையோடும் தங்கியது. ரயில் நேரம் என்கிறோம்; ரயில் பொழுது என்று சொல்வதில்லை.

1906 ஜனவரி முதல் நாள் இந்தியத் திட்டநேரம் நடைமுறைக்கு வந்தபோது சென்னையின் கடிகாரங்கள் ஏறத்தாழ 9 நிமிடம் முன்னே நகர்த்தப்பட வேண்டியிருந்தன. அதற்கு முந்தைய நாட்குறிப்பிலோ கடிதத்திலோ இதழிலோ வரும் மணிக்கணக்கை இன்றைய கணக்கோடு ஒப்பிடுவோர் இவ்வேறுபாட்டையும் கருத வேண்டும்.

இருப்புப்பாதையோடு கடிகார வணிகமும் வளர்ந்தது. 1849இல் தோன்றிய பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனம் சென்னை மவுண்ட் ரோட்டில், இன்றைய அண்ணா சாலையில், 1879இல் ராபர்ட் சிஷோம் வடிவமைத்த கட்டடத்தில் குடியேறியது. அக்கட்டடத்தின் உச்சியிலுள்ள கடிகாரம் சாலையில் செல்வோர்க்கெல்லாம் பொதுவானது. சட்டைப்பைக் கடிகாரம் வாங்க இயலாதவனும் நிமிர்ந்து பார்த்து நேரம் அறியலாம்.

பொறியின் உள்ளே

இயந்திரக் கைக்கடிகாரத்தின் இயக்கத்தைத் தமிழில் எளிதாகவே விளக்கலாம். உருளைப் பெட்டி ஒன்றுக்குள் எஃகுச் சுருள்வில் இறுக்கிச் சுற்றப்பட்டிருக்கும். விரியத் துடிக்கும் அவ்வில் பல்சக்கரங்களைச் சுழற்றும். தடையின்றி விட்டால் அது நொடிகளில் விரிந்து ஓய்ந்துவிடும். எனவே இறுதிச் சக்கரத்தின் பல்லை ஒரு கவை தடுத்து நிறுத்தி, ஒவ்வொரு பல்லாக நழுவ விடுகிறது. இதனைத் தமிழில் விட்டுப்பிடித்தல் என்றால் போதும். எப்போது விடுவது, எப்போது பிடிப்பது என்பதை அலைவுச் சக்கரம் தீர்மானிக்கிறது. மயிரிழை போன்ற மெல்லிய சுருள் ஒன்று அச்சக்கரத்தை இப்பக்கமும் அப்பக்கமும் சம கால அளவில் ஆட்டுகிறது. 1656இல் ஹைகன்ஸ் ஊசலைக் கடிகாரத்தில் பொருத்தியபோது சுவர்க்கடிகாரத்துக்குக் கிடைத்த ஒழுங்கைச் சட்டைப்பைக்கும் மணிக்கட்டுக்கும் கொண்டுவந்தது இந்த மயிரிழைச் சுருள்தான்.

நம் நாட்டில் மிகுதியாக வழங்கிய எச்.எம்.டி. ஜனதா போன்ற கடிகாரங்களில் அலைவு மணிக்கு 18,000, விநாடிக்கு 5. ஒரு நாளில் 4,32,000. கலியுகத்தின் ஆண்டுத்தொகையும் இதுவே என்பது தற்செயல்தான். ஆனால் தமிழாசிரியர் கூடும் இடத்தில் சொல்லத் தக்க தற்செயல். நாளொன்றுக்குப் பத்து விநாடி முந்தும் கடிகாரத்தைப் பழுது என்று வாடிக்கையாளர் திருப்பித் தருவார். அப்பிழை 8,640இல் ஒரு பங்கு. பெட்ரோலில் கழுவி, ஊசிமுனையால் எண்ணெய் தொட்டு, சாமணத்தால் சுருளை நேர்செய்து, இந்த நுட்பத்தைக் கையாலும் ஒற்றைக் கண்ணாலும் மீட்டெடுப்பவரைத்தான் நாம் வாட்ச் ரிப்பேர்காரர் என்று சுருங்கச் சொல்கிறோம்.

1969 டிசம்பரில் ஜப்பானின் செய்கோ நிறுவனம் வெளியிட்ட ஆஸ்ட்ரான் இவ்வமைப்பைத் தலைகீழாக்கியது. மின்கலத்தால் அதிரும் படிகம் அலைவுச் சக்கரத்தின் இடத்தைப் பிடித்தது. இன்றைய குவார்ட்ஸ் கடிகாரத்தின் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று கிடைக்கும். மின்சுற்று செய்வது இந்தப் பாதியாக்கலைத்தான். அரை, கால், அரைக்கால், மாகாணி, அரைவீசம் என்று பாதியின் பாதிக்குப் பெயரிட்டு எண்சுவடி ஓதிய தமிழ் மாணவனுக்கு இது அந்நியமான கணக்காக இருந்திராது. சுவிட்சர்லாந்தில் 1970 அளவில் ஏறத்தாழ 90,000 பேருக்கு வேலை தந்த தொழில், 1980களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 30,000 பேராகச் சுருங்கியது. யுனெஸ்கோ ஏற்பின் பின்புலத்தில் இந்த இழப்பு இருக்கிறது.

பெங்களூரிலிருந்து ஓசூருக்கு

இந்தியாவில் பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. தேர்வில் வென்ற மகனுக்கும் மணமேடை ஏறும் மாப்பிள்ளைக்கும் வாட்ச் வாங்கித் தருவது தமிழ்க் குடும்பங்களில் ஒரு சடங்காகவே ஆயிற்று. அந்நிறுவனத்தின் கடிகாரப் பிரிவை மூட நடுவண் அமைச்சரவை 2016இல் இசைவளித்தது.

தமிழ்நாட்டுத் தொழில் வளர்ச்சிக் கழகமும் டாடா குழுமமும் சேர்ந்து 1984இல் தோற்றுவித்த டைட்டன், ஓசூரில் ஆலை அமைத்தது. டாடா இண்டஸ்டிரீஸ், தமிழ்நாடு ஆகிய இரு பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து டைட்டன் அமைந்தது என்பர். கிரேக்கத் தொன்மப் பெயர் என்று கருதப்படும் ஒரு சொல்லில் தமிழ்நாடு ஒளிந்திருப்பது சொல்லாய்வாளர்க்குச் சிறு மகிழ்ச்சி. குவார்ட்ஸையே முதன்மையாகக் கொள்வது என்று முதல் மேலாண்மை இயக்குநர் செர்க்ஸெஸ் தேசாய் காலத்தில் எடுத்த முடிவு, சுவிஸ் தொழிலை உலுக்கிய அதே புயலைத் துணையாக்கிக்கொண்டது. 2002இல் வெளிவந்த எட்ஜ் என்னும் கடிகாரத்தின் மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர், உள்ளிருக்கும் பொறியின் தடிமன் 1.15 மில்லிமீட்டர். எச்.எம்.டி.யின் மறைவைப் பேசுவோர் ஓசூரின் இந்த நுண்வேலையை அதே மூச்சில் பேசுவதில்லை. அது முறையன்று என்பது இக்கட்டுரையின் கருத்து. கைவினை என்பது பழம்பொறியோடு மட்டும் முடிந்துபோவதன்று.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. ஆலையில் பிறக்கும் சொற்கள் பயிற்சிக் கையேட்டின் வழி வருவன, பெரும்பாலும் ஆங்கிலம். தெருவோர மேசையில் வழங்கும் சொற்கள் வாடிக்கையாளருக்குப் புரிய வேண்டும் என்ற கட்டாயத்தில் பிறப்பன. வாட்ச் ஏன் நின்றது என்று கேட்பவருக்கு அவர் அறிந்த சொல்லில்தான் விடை சொல்ல முடியும்.

இரண்டு சங்குகள்

ஆலைத்தொழிலாளர் பேச்சில் சங்கு என்பது வேலை தொடங்குவதையும் முடிவதையும் அறிவிக்கும் ஊதொலி. சங்கு ஊதியாயிற்று என்றால் வாயிற்கதவு திறக்கும், அல்லது மூடும். வடசென்னைப் பஞ்சாலைகள் காலந்தொட்டே வழங்கிய இச்சொல் கடற்சங்கின் ஓசையிலிருந்து பிறந்த ஆகுபெயர். வேறொரு சங்கும் தமிழில் உண்டு: வெயிலில் நட்டு நிழலளந்து பொழுதறியும் கோல். அது வடமொழியின் சங்கு. முளை என்று பொருள்படுவது. கடற்சங்கோடு பிறப்பால் தொடர்பற்றது. ஆனால் பயனால் நோக்கினால் இரண்டும் ஒரே பணியை இருவேறு திசையிலிருந்து செய்வன. நிழற்சங்கிடம் மனிதன் சென்று பொழுதைக் கேட்டான். ஆலைச்சங்கு தானே வந்து பொழுதைச் சொல்லியது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஏ ஷிப்ட், பி ஷிப்ட், நைட் ஷிப்ட், ஜெனரல் ஷிப்ட் என்பவை நாளின் பெயர்களைக் காட்டிலும் வலிமையானவை. பழைய கணக்கில் நாளுக்கு எட்டு யாமம். முறைவேலைக் கணக்கில் நாளுக்கு மூன்று கூறு. நைட் ஷிப்ட் முடித்து விடியலில் உறங்கப் போகிறவருக்குக் காலை வணக்கம் சொல்வதா என்ற தயக்கம் இவ்வட்டாரத்தில் கேலிப்பொருள் மட்டுமன்று. பொழுதுக்கும் நேரத்துக்கும் இடையே விழுந்த பிளவின் சான்று. ஒடியா, இந்தி, தெலுங்கு பேசும் தொழிலாளர் தமிழரோடு கலந்து பணிபுரியும் இடங்களில், முதலில் கைமாறும் தமிழ்ச்சொற்களுள் மணியும் ஒன்று.

வருகையைப் பதியும் கருவி கைரேகைக்கு மாறி, நேரம் காட்டும் பணியைக் கைப்பேசி ஏற்றபின் தொழிலாளியின் மணிக்கட்டில் கடிகாரம் கட்டாயமன்று. இதன் விளைவு திருவள்ளூர் போன்ற ஊர்களின் கடைத்தெருவில் தெரியும். கண்ணாடிப் பெட்டி பொருத்திய சிறு மேசை, அதன் பின்னே கண்ணில் குவியாடி அணிந்த ஒருவர் என்ற காட்சி அருகி வருகிறது. இருப்பவரும் பெரும்பாலும் செல் மாற்றுகிறார், வார் மாற்றுகிறார், செயினில் ஓரிரு கண்ணியைக் கழற்றி அளவு குறைக்கிறார். சுருள்வில்லைப் பிரித்து மாட்டும் வேலை எப்போதாவது வருகிறது.

மேசைச் சொற்கள்

கடிகாரத்தின் உறுப்புப் பெயர்களுள் மிகுந்த கவனத்துக்கு உரியது முள். ஆங்கிலேயர் கை என்று கண்டதைத் தமிழர் முள் என்று கண்டனர். சின்ன முள், பெரிய முள், விநாடி முள் என்பவை பள்ளிக்குழந்தையும் அறிந்தவை. கடிகாரம் வருவதற்கு முன்பே தராசின் நடுவில் நின்று நிறையின் ஏற்றத்தாழ்வைக் காட்டியது தராசு முள். கடிகார முள்ளின் மூலம் செடியின் முள் என்று கொள்வதைவிடத் தராசின் முள் என்று கொள்வதே பொருத்தம் எனத் தோன்றுகிறது. இரண்டும் சுட்டிக்காட்டுவன, இரண்டும் ஓர் அளவைச் சொல்லுவன. வணிகத் தெருவில் பழகிய கண் புதிய பொறியிலும் பழைய உறுப்பைக் கண்டறிந்திருக்க வேண்டும். பிற்காலத்தில் மின்னழுத்தமானி, வேகமானி முதலிய அளவிகள் அனைத்துக்கும் இப்பெயர் சென்றதும் இதற்கு ஆதரவாகும்.

கருவிகளின் பெயர்கள் பொற்கொல்லர் பட்டறையோடு உறவு காட்டுவன. நுண்பொருளைப் பற்றி எடுக்கும் சாமணம் அங்கிருந்து வந்தது. திருகாணியைக் கழற்றும் திருப்புளியும் பழைய சொல்லே. ஆனால் இன்று மேசையில் டிவீசர், ஸ்குரூ டிரைவர் என்ற பெயர்களே முந்துகின்றன. பொறியின் உள்ளுறுப்புகளோ முற்றிலும் கடன்சொற்கள்: மெயின் ஸ்பிரிங், ஹேர் ஸ்பிரிங், பேலன்ஸ், டயல். இவ்வெல்லை ஒரு விதியைக் காட்டுகிறது. வாடிக்கையாளர் கண்ணில் படும் உறுப்புகளுக்குத் தமிழ் உண்டு: முள், கண்ணாடி, மூடி, வார். மூடியைத் திறந்தால் தெரிபவை கடன்சொற்களில் உள்ளன. கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும் என்ற இப்பிரிவு, சொல்லாக்கம் நிகழ்ந்த இடம் வாடிக்கையாளரும் தொழிலாளரும் சந்தித்த மேசை என்பதை உறுதிசெய்கிறது.

வினைகளில் தமிழ் இன்னும் வளமாக இருக்கிறது. கடிகாரம் ஓடும், நிற்கும், முந்தும், பிந்தும், அடிக்கும். அதற்கு நேரம் வைப்பர், சாவி கொடுப்பர். ஓடுதலும் நிற்றலும் அதனை உயிருள்ள விலங்காகக் காட்ட, கொடுத்தல் என்னும் வினை அதற்கு உணவூட்டுவதுபோல் ஒலிக்கிறது. பெயர்ச்சொற்களை மட்டும் திரட்டும் நம் கலைச்சொல் அகராதிகள் இவ்வினைகளைக் கைவிட்டுவிடுகின்றன. தொழிலின் பண்பாடு பெயரில் இருப்பதைக் காட்டிலும் வினையில்தான் மிகுதியாக இருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வெளிவந்தது. இந்தியாவில் கைக்கடிகாரம் செய்யப்படுவதற்கும், குவார்ட்ஸ் தோன்றுவதற்கும் முந்தைய காலம் அது. எனவே கன்னலையும் கடிகையையும் அறிந்த அப்பேரகராதியிடம் செல் போடுதலை எதிர்பார்க்க இயலாது. பின்வந்தோர் செய்ய வேண்டிய பணி அது. இயந்திரக் கடிகாரத்தைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த தலைமுறையினர் முதுமையில் உள்ளனர். அவர்தம் மக்கள் பெரும்பாலும் கைப்பேசிப் பழுதுக்கு மாறிவிட்டனர். நாட்டார் வழக்காற்றியல் துறையினர் ஒப்பாரியையும் தாலாட்டையும் பதிவுசெய்த அதே அக்கறையோடு இம்மேசையின் முன்னும் ஒலிப்பதிவுக் கருவியோடு அமர வேண்டும். ஒரு பழைய கடிகாரத்தைப் பிரிக்கத் தொடங்கியது முதல் அது மீண்டும் ஓடும் வரை அவர் செய்வதையும் சொல்வதையும் இடைமறிக்காது பதிவது நல்லது. உறுப்பைக் காட்டி இதன் பெயர் என்ன என்று கேட்டால் ஆங்கிலப் பெயரே கிடைக்கும். பழகுநரிடம் அவர் இடும் ஏவலில்தான் தமிழ் வெளிப்படும்.

அவ்வாறு திரட்டும்போது முதலில் தெளிய வேண்டிய சொல் சாவி. போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த இச்சொல் பூட்டின் திறவுகோலைக் குறித்தது. தனித்திறவுகோல் கொண்டு முடுக்கப்பட்ட சுவர்க்கடிகாரத்தோடு அது கடிகாரத்துக்கும் உரியதாயிற்று. கைக்கடிகாரத்தில் திறவுகோல் இல்லை. பக்கத்தில் ஒரு குமிழ் மட்டுமே. அதனைத் திருகுவதும் சாவி கொடுத்தலே ஆயிற்று. குவார்ட்ஸ் கடிகாரத்தில் அக்குமிழ் எதையும் முடுக்குவதில்லை. முள்ளை நகர்த்த மட்டும் பயன்படுகிறது. அதையும் சாவி என்றும் கீ என்றும் அழைப்போர் உளர். திறவுகோல், முடுக்கி, நகர்த்தி என மூன்று பொருளையும் ஒரே பதிவின்கீழ்க் கால வரிசையில் தருவதா, கடிகாரச் சாவியைத் தனிச்சொல்லாகப் பிரித்துத் தருவதா என்பது அகராதியாளர் தீர்க்க வேண்டிய வினா. முன்னதே பொருத்தம் என இக்கட்டுரை கருதுகிறது. சாவி கொடுத்த பொம்மை என்னும் வழக்கு நடுப்பொருளிலிருந்து கிளைத்தது என்பதை அவ்வரிசையில்தான் காட்ட இயலும்.